கேட் பூட்டித்தான் இருந்தது

டிக்கோயா
23 பெப்ரவரி 2025

இசபெலுக்கு,

நானும் ஜெனுஷாவும் எழுந்து நடமாடுகிறோம். அதை நலம் என்று வைத்துக்கொள். உன் உடம்பும் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேச மாட்டேன் என்றவன் ஏன் மின்னஞ்சல் எழுதுகிறான் என்று நீ கேட்கலாம். பேசினால் கத்துவேன். எழுதினால் கொஞ்சம் யோசிப்பேன்.

உன் மகள் ஜெனுஷா டியூஷனுக்கு ஹட்டன் போய் வருகிறாள். உயிரியல் நன்றாகச் செய்கிறாள். இரசாயனத்தில் கவனம் போதாது. தகப்பன் மண்ணுக்குள், தாய் இங்கிலாந்தில், வீட்டில் மாமன் என்ற காவல் நாய் மட்டும். இந்த நிலையில் இவ்வளவு படிப்பதே பெரிது.

நீ அனுப்பிய படத்தைக் காட்டினாள். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஹில்டா என்ற யூதக் கிழவிக்குப் பிறந்தநாள். நீ கேக் ஊட்டுகிறாய். கிழவி குழந்தை மாதிரி வாயைத் திறந்திருக்கிறாள். நல்ல படம். போன வருஷம் நம் அம்மா கடைசியாகக் கேட்டது ஒரு வாய் கஞ்சி. நான்தான் ஊட்டினேன். "இசபெலு கை மாதிரி இல்லடா" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வைத்திருக்க முடியவில்லை.

பாடசாலையில் புதிய அதிபர் வந்துவிட்டார். என்னிடம் படித்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலி என்னவோ அவருடையதுதான்.

மழைக்கு முன் கூரைத்தகரத்தை மாற்ற வேண்டும். வேறொன்றுமில்லை.

அலோசியஸ்


இங்கிலாந்து
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா சொன்னதை எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை அண்ணா. அடித்தீர்கள், வாங்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எப்படி வாழ்கிறேன் என்று நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் இல்லமும் யூதர்களுடைய தொழுகைக்கூடமும் அடுத்தடுத்த வளவுகள். நடுவில் ஒரு சின்ன இரும்பு கேட். அதற்கு மின்சாரப் பூட்டு. சனிக்கிழமை இவர்களுக்கு ஓய்வு நாள். அன்று பொத்தானை அமுக்க மாட்டார்கள், விளக்குக்கூடப் போட மாட்டார்கள். வேறு ஆளிடம் "இதைச் செய்" என்று வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்களாம். பின்வீதியால் வருகிறவர்கள் எங்கள் வளவுக்குள் வந்து கேட்டுக்கு முன்னால் பேசாமல் நிற்பார்கள். சமையலறை ஜன்னலால் நான் பார்த்து, பொத்தானை அமுக்கித் திறந்துவிட வேண்டும். யூதர் அல்லாதவள் என்பதால் சனிக்கிழமை அது என் வேலை.

வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு பெரியவர் மழையில் நனைந்தபடி நின்றார். நான் ஜன்னலைத் திறந்து "என்ன வேணும்?" என்று கேட்டேன். "இன்னைக்கு மழை ஜாஸ்தி, இல்ல?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலை மூடிவிட்டேன். பிறகு ஹில்டா அம்மாவின் மகன் ஸ்டான்லி வந்துதான் விஷயத்தைச் சொன்னார். சொல்லவே முடியவில்லை அவருக்கு, அப்படிச் சிரித்தார்.

ஸ்டான்லி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு தொழுகைக்கூடத்தின் முன்வாசலில் காவல் நிற்பார். காலையில் வந்ததும் சின்ன கேட்டை இழுத்துப் பார்த்து, பூட்டியிருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் முன்வாசலுக்குப் போவார். என்னைக் கண்டால், "உங்க இராயப்பரு மோட்ச வாசல் ஒண்ணைத்தான் பாத்துக்கிறாரு. நீ எங்களுக்கும் சேத்துப் பாத்துக்கிற" என்பார். அவருடைய மகள் ரூத், ஜெனுஷாவுக்கென்று குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டை ஒன்று கொடுத்திருக்கிறாள்.

பிள்ளையை அதட்டாமல் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
இசபெல்


டிக்கோயா
9 மார்ச் 2025

இசபெல்,

செய்தியில் உங்கள் ஊர்ப் பெயர் சொல்கிறார்கள். யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குள் கத்தியோடு ஒருவன் புகுந்தான் என்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

பேச மாட்டேன் என்ற என் சபதத்தை நேற்றிரவே விட்டுவிட்டேன். அழைத்துக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. ஜெனுஷா என் போனையும் அவள் போனையும் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

திருப்பாடுகளின் காட்சியில் சின்ன வயதில் நான் யூதனாக நடித்தது உனக்கு ஞாபகம் இருக்காது. கறுப்புத் தாடி ஒட்டி, "சிலுவையில் அறையும்" என்று கத்துவேன். கோவில் வளவே கை தட்டும். யூதர்களை எனக்கு அவ்வளவுதான் தெரியும். அவர்களைக் குத்த ஒருவன் கத்தி எடுத்துக்கொண்டு கிளம்புவான் என்றும், அந்த வளவில் என் தங்கை நிற்பாள் என்றும் நான் நினைத்ததே இல்லை.

ஒரு வரி போதும். உயிரோடு இருக்கிறேன் என்று எழுது.

அண்ணன்


இங்கிலாந்து
17 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன் என்று உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே ஜெனுஷாவுக்கு ஒரு வரி அனுப்பினேன். அதற்கு மேல் முடியவில்லை. போனை எடுத்தால் எனக்குக் குரல் வருவதில்லை. தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார் டொக்டர். அதனால் எழுதுகிறேன்.

இறந்தது ஸ்டான்லி.

அந்த ஆள் சின்ன கேட்டால் உள்ளே வந்திருக்கிறான். சத்தம் கேட்டு ஸ்டான்லி முன்வாசலிலிருந்து ஓடி வந்து நடைபாதையில் அவனை மறித்தார். உள்ளே தொழுதுகொண்டிருந்தவர்கள் வெளியே வந்து அவனைப் பிடித்து அமுக்கினார்கள். அதற்குள் இவருக்கு முடிந்துவிட்டது. ஸ்டான்லியை அவனுக்குத் தெரியாது. யூதராக இருந்தால் போதும், யாராக இருந்தாலும் சரி என்று பொலிஸில் சொன்னானாம்.

உடம்பைக் கொண்டு போன பிறகு ஆறேழு பேர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். நடைபாதைக் கல்லில் முழங்காலிட்டு, இடுக்குகளில் இருந்த இரத்தத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். அதுவும் மனுஷன்தானாம், அதையும் சேர்த்துப் புதைக்க வேண்டுமாம். எனக்குப் பழக்கமான பல் வைத்தியரும் அதில் இருந்தார். அடக்கம் நடக்கும்வரை உடம்பைத் தனியே விடவும் இல்லை. ஆள் மாறி ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு கிழமை, ஏழு நாளும், துக்க வீட்டில் ஹில்டா அம்மா தாழ்ந்த நாற்காலியில் இருந்தார். நான்தான் கூட இருந்தேன். வருகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் பேசக்கூடாது என்பது வழக்கம். நிறையப் பேர் வந்தார்கள். யூதர் அல்லாத அயலவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். இவ்வளவு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

கேட் எப்படியோ திறந்திருந்தது என்று பேசிக்கொள்கிறார்கள்.

பிள்ளைக்கு முத்தம். நீங்கள் மருந்தை விடாமல் குடியுங்கள்.

இசபெல்


டிக்கோயா
23 மார்ச் 2025

இசபெலுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மூட்டுவலி இருக்கத்தான் செய்கிறது. அதை விடு.

நீ உடனே புறப்பட்டு வா. கூரை ஒழுகினாலும் இது வீடு. 2019இல் ஈஸ்டர் அன்று நம் நாட்டுக் கோவில்களில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு இங்கேயும் திருப்பலிக்குப் போனால் பையைத் திறந்து காட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஆனாலும் இங்கே செத்தால் நான் பார்த்துக்கொள்வேன்.

அந்த இரத்தத்தைத் துணியால் ஒற்றினார்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். 83 ஜூலைக் கலவரத்தில் கினிகத்தேனையில் அப்பாவின் சாப்பாட்டுக் கடையைக் கொளுத்தினார்கள். உனக்கு நாலு வயது, எனக்குப் பத்து. அப்பா உள்ளே இருந்தார். எடுத்துப் புதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நம் வீட்டுக்கு யாரும் வரவும் இல்லை. எல்லோருக்கும் பயம். அம்மா வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். இங்கே இருந்த அமைதி வேறு.

பிறகு விசாரணை என்று ஒருவர் வந்தார். குப்பி லாம்பு கவிழ்ந்து தீப்பிடித்தது, உரிமையாளரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். கொளுத்தியவர்களை விடு. செத்தவர் தலையிலேயே பழியைப் போட்டார்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. கடையில் அப்பாவோடு வேலை செய்த கந்தப்பன் கண்ணால் கண்ட சாட்சி. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் இருந்த தோட்ட லயத்து வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள்.

"கந்தப்பா, நீ பாத்தத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"அக்கா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. வேலையும் போயிரும். செத்தவரு திரும்பியா வரப்போறாரு?"

விசாரணையில் அவர் "மம தன்னே நே" என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். அந்த ஆள் இன்றைக்கும் டிக்கோயாவில்தான் இருக்கிறார். எதிரே வந்தால் நான் வீதி மாறி நடக்கிறேன். அவர் வீட்டுக் கல்யாணம், கருமாதி எதற்கும் நான் போனதில்லை.

இனி ஒரு கேள்வி. முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவன் நான். விட்ட வரி எது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அந்தக் கேட்டைத் திறப்பது உன் வேலை என்று நீயே எழுதினாய். பூட்டியிருக்கிறதா என்று ஸ்டான்லி சோதிப்பார் என்றும் எழுதினாய். இப்போது, "கேட் எப்படியோ திறந்திருந்தது" என்று எழுதுகிறாய்.

அன்றைக்கு நீ எங்கே நின்றாய்?

அண்ணன்


டிக்கோயா
3 ஏப்ரல்

என் அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இல்லன்னு தெரியுது. மாமாவுக்கு ஏன் பதில் போடல? காலையில எழும்பினதும் கண்ணாடியைத் தேடுறதுக்கு முன்னாடி போனைத்தான் தேடுறாரு. நேத்து பக்கத்து வீட்டு நாயோட சண்டை போட்டாரு. "நீயாவது கொரைக்கிற, அவ வாயே தொறக்க மாட்டேங்கிறா"ன்னு அதுக்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்திச்சு, அப்புறம் அழுகையும் வந்திச்சு.

என்ன நடந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்க. நான் சின்னப்புள்ள இல்ல.

ஜெனுஷா


இங்கிலாந்து
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை ஜெனுஷாவுக்குக் காட்டாதீர்கள். உங்களுக்கு மட்டும்.

நான் சமையலறையில் நின்றேன். ஹில்டா அம்மாவின் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலால் பார்த்தபோது கேட்டுக்கு முன்னால் ஒருவர் நின்றார். நீளமான கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி. கேட்டைத் தொடவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கைகளைக் கோட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். சனிக்கிழமைகளில் எல்லோரும் அப்படித்தானே நிற்பார்கள்? குளிரில் ஒரு ஆளைக் காக்க வைத்துவிட்டேனே என்றுதான் எனக்குத் தோன்றியது. பொத்தானை அமுக்கினேன். ஜன்னலைத் தள்ளி, இவர்கள் முறைப்படி ஓய்வுநாள் வாழ்த்தும் சொன்னேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

ரொட்டியை வெட்டி முடிப்பதற்குள் சத்தம் கேட்டது.

கேட் பூட்டித்தான் இருந்தது அண்ணா. திறந்துவிட்டது நான்.

அந்தப் பக்கம் கமரா இல்லை. பொலிஸ்காரர் என்னிடம், "ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவர் இல்லை என்று எழுதிக்கொண்டார். எனக்கும் குரல் வராமல் போய்விட்டது. குரல் வரவில்லையே என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டதும் உண்மை.

இதை மறைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்போது தொழுகைக்கூடக் கூட்டத்தில் வேறு பேச்சு. ஸ்டான்லி காலையில் கேட்டை ஒழுங்காகப் பார்க்கவில்லையாம். அவர் எப்போதும் சிரித்துப் பேசிக்கொண்டு திரிகிற ஆள், மறந்திருப்பார் என்கிறார்கள். பாவம் என்ற தொனியில்தான் சொல்கிறார்கள். ஆனால் ரூத்தின் காதுபடச் சொல்கிறார்கள். நேற்று அவள் என்னிடம் வந்து, "அப்பா மறக்கிற ஆளா இசபெல்? நீங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் பாத்தீங்களே" என்று கேட்டாள். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

என்ன செய்யட்டும்? நீங்கள் படித்தவர். சொல்லுங்கள்.

இசபெல்


டிக்கோயா
6 ஏப்ரல் 2025

இசபெல்,

நலம் விசாரிக்க நேரமில்லை. கவனமாகப் படி.

வாயைத் திறக்காதே. பொலிஸ் மறுபடி கேட்டால், சமையலறையில் வேலையாக இருந்தேன், தெரியாது என்று சொல். ரூத் கேட்டாலும் அதையே சொல்.

உன் விசா அந்த இல்லத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசா போகும். கேட்டைத் திறந்துவிட்டவள் என்று உன் முகத்தைப் பத்திரிகையில் போடுவார்கள். அவனுக்கும் உனக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கிளறுவார்கள். வந்தேறிக்கு அங்கே யார் சாட்சி? இங்கே உனக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பரீட்சை எழுதப் போகிறாள். அவளை நினை.

நீ சொல்வதால் ஸ்டான்லி திரும்பி வரப்போவதில்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். அந்த இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அழித்துவிடு. உன்னுடையதை நான் அழித்துவிட்டேன்.

அண்ணன்


இங்கிலாந்து
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரிய வெள்ளி என்பதால் ஒருசந்தி நோன்பு இருப்பீர்கள். மருந்தையாவது விடாமல் குடியுங்கள். எனக்குக் குரல் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

போன சனிக்கிழமை பொழுது பட்டதும் இவர்களுடைய பாஸ்கா விருந்து. எங்கள் இல்லத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். ரூத்தும் பாட்டியின் பக்கத்தில் இருந்தாள். வெளியே பொலிஸ் வாகனம். சாப்பாடு முடிந்தபின் ஒரு முறை உண்டு. எலியாஸ் தீர்க்கதரிசி வருவார் என்று ஒரு கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றி வைத்து, வாசற்கதவைத் திறந்து வைப்பார்கள். இந்த வருஷம் திறப்பதா வேண்டாமா என்று சண்டை வந்துவிட்டது.

"இந்தத் தடவை வேணாம். சன்னலைத் தொறந்தா போதும். வாரவரு தீர்க்கதரிசிதானே, சன்னலால வரமாட்டாரா?" என்றார் பல் வைத்தியர்.

பெர்னார்ட் என்று ஒரு கிழவர் இருக்கிறார். அவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது. "என் தொண்ணூறு வயசுல எத்தனையோ பேரு எங்களைக் கதவைச் சாத்திக்கச் சொல்லியிருக்கான். இன்னைக்கு நீ சொல்றியா?"

ஹில்டா அம்மா கையை உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள். நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "இசபெல், நீ போய்த் தொறம்மா" என்றார்.

கைப்பிடி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை நீளவில்லை. மறுபடி சொன்னார். அப்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னுடைய குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"நான் தொறக்க மாட்டேன். அன்னைக்கும் நான்தான் தொறந்தேன். கேட் பூட்டித்தான் இருந்திச்சு. அவன் வந்து உங்கள மாதிரியே பேசாம நின்னான். உங்க ஆளுன்னு நெனச்சேன். ஸ்டான்லி ஒண்ணும் மறக்கல."

ஹில்டா அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ரூத் எழுந்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கதவை அகலத் திறந்தாள். அப்படியே இறங்கி மழைக்குள் போய்விட்டாள்.

கதவு திறந்தே கிடந்தது. குளிர் உள்ளே வந்தது. மூட யாருக்கும் மனம் வரவில்லை. சத்தம் கேட்டோ என்னவோ, வெளியே நின்ற பொலிஸ்காரப் பையன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து, "எல்லாம் சரிதானே?" என்று எட்டிப் பார்த்தான். பெர்னார்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எலியாஸுக்குப் பதிலா இவனை அனுப்பியிருக்காரு. சரி, உக்காரச் சொல்லுங்க" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் உண்மையாகவே உட்கார்ந்தான்.

பண்டிகையின் முதல் இரண்டு நாள் கழிந்ததும் பெர்னார்ட் என்னோடு பொலிஸுக்கு வந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வழக்கில் கூப்பிடுவார்களாம். வேலையைப் பற்றி அடுத்த கிழமை முடிவு சொல்வதாக இல்லத்தில் சொல்லியிருக்கிறார்கள். தொழுகைக்கூடத்தில் இரண்டு நாளாக இதே பேச்சாம். என்னை அனுப்பிவிட வேண்டும் என்று சிலர். பேசாமல் நின்று பழக்கியது நாம்தானே என்று சிலர். ஹில்டா அம்மா என் கையால் சாப்பிடுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று ரூத் வந்தாள். நடைவழியில் என்னை நிறுத்தினாள்.

"அப்பா பூட்டியிருந்தாரா? நிச்சயமா?"

"நிச்சயமா. பூட்டு விடுபடுற சத்தம் கேட்டிச்சு. நான்தான் பொத்தானை அமுக்கினேன்."

"சரி" என்றாள். போய்விட்டாள். என்னை மன்னிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னதை மீறிவிட்டேன். தெரியாது என்று சொல்லச் சொன்னீர்கள். அந்தச் சொல்லை நம் வீட்டில் அம்மா சாகும்வரை எப்படி உச்சரித்தாள் என்று யோசித்துப் பாருங்கள். அதை ரூத்துக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஜெனுஷாவுக்கு இனி எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
இசபெல்


டிக்கோயா
4 மே 2025

அன்புள்ள இசபெலுக்கு,

தாமதத்துக்குக் கோபத்தைக் காரணமாகச் சொல்லலாம். முதல் சில நாட்கள் கோபம்தான். மகளை நினைக்காமல் யாரோ ஒருவரின் செத்த வீட்டுக்காகத் தன் பிழைப்பை எரித்துவிட்டாள் என்று சுவரோடு பேசினேன். ஜெனுஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "நீங்க என்ன மாமா பதில் எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டாள். உன் கடிதத்தைத்தான் அழித்திருந்தேன். நான் அனுப்பியது அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். பிறகு நானும் படித்தேன்.

பிள்ளை இருக்கிறது. வேலை போய்விடும். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை.

பத்து வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்ட வார்த்தைகள். வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை இசபெல். நல்ல தமிழில், நிறுத்தற்குறி போட்டு எழுதியிருக்கிறேன்.

போன புதன்கிழமை ஹட்டனுக்குப் போக பஸ் ஏறினேன். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, கந்தப்பனுக்குப் பக்கத்தில். வேறு நாளாக இருந்தால் தொங்கிக்கொண்டு போயிருப்பேன். உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் ஒடுங்கினார். கிழவராகிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நல்ல மழை. ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கினோம். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"தங்கச்சி அந்தக் கொலை நடந்த எடத்துலதான் வேல செய்யுதாமே. நல்லா இருக்கா?"

நல்லா இல்லை என்றேன். நீ செய்ததை, சொன்னதை, அந்த ரூத் வந்து கேட்டதை எல்லாம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவரைக் குத்தத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அதுக்குத் தைரியம் இருந்திச்சு தம்பி. இத்தன வருஷம் கழிச்சு நான் சொன்னா யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கிறேன்" என்றேன்.

சொன்னார். கூட்டம் வந்தபோது இருவரும் கடைக்குள் இருந்தார்கள். பின்பக்கம் ஒரு சந்து, அதற்கு ஒரு ஆள் நுழைகிற கதவு. அப்பா இவரை முதலில் தள்ளினார். இவர் வெளியே விழுந்து திரும்பிப் பார்த்தபோது, அப்பா உள்ளிருந்து அந்தக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டார். திறந்து கிடந்தால் பின்னால் ஆள் ஓடியது தெரிந்துவிடும், துரத்துவார்கள் என்று. "ஓடு, புள்ளைங்க இருக்குடா" என்று உள்ளேயிருந்து சொன்ன குரல்தான் கடைசி. முன்பக்கம் நின்று கொளுத்தியவர்களில் இரண்டு பேரின் பெயர் இவருக்குத் தெரியும். இரண்டு பேரும் செத்துவிட்டார்கள்.

நமக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்தானே, நாம் இருவர் இருந்தோமே என்று கேட்க நினைத்தேன். இதைக் கேட்டபின் அந்த மனிதரை இன்னும் அதிகமாக வெறுக்க வேண்டும். நியாயம் அப்படித்தான். ஆனால் அப்பா கொண்டி போட்டுக் காப்பாற்றிய ஒரு உயிர் எனக்கு முன்னால் நனைந்துபோய், மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறது. நான் என்ன செய்வது? மழை விட்டதும் அடுத்த பஸ் வந்தது, அவர் மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவருகே வைக்கப் போனபோதுதான் கவனித்தேன். அவருடைய குடை என் கையில் இருந்தது. அவ்வளவு நேரமும் அதை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான் போலிருக்கிறது.

நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இல்லத்தில் என்ன முடிவு சொன்னார்கள் என்று எழுது. இருக்கச் சொன்னால் இரு. அனுப்பினால் வா. வழக்குக்குக் கூப்பிட்டால் போய், கேட் பூட்டித்தான் இருந்தது என்று அங்கேயும் சத்தமாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அண்ணன்
அலோசியஸ்